வாசிக்க மட்டுமான கோப்பு முறைமைப் படிமங்களை உருவாக்குதல்: ஸ்குவாஷ்எஃப்எஸ் கட்டளைவரிக் கருவியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கணினியில் சேமிக்கப்படும் தரவுத்தொகுப்பு எந்நேரமும் மாற்றத்திற்கு உட்பட்டது. மாறும் தரவை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு முடிவைப் பிறர் சரிபார்ப்பது கடினம். ஒரு தரவுத்தொகுப்பின் குறிப்பிட்ட நிலையை மாறாமல் நிறுத்தி, அதனை ஒரே கோப்பாக வழங்குவதற்கு, வாசிக்க மட்டும் இடமளிக்கும் கோப்பு முறைமைப் படிமம் உதவுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்குப் பரவலாகப் பயன்படும் ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் உள்ளமைப்பையும், அதனை உருவாக்கும் 'எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ்' என்னும் கட்டளைவரிக் கருவியின் செயற்பாட்டையும், தமிழ்க் கோப்புப்பெயர்களைக் கையாளும்போது எழும் சிக்கல்களையும், இம்முறையின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோப்பு முறைமை, படிமம், ஸ்குவாஷ்எஃப்எஸ், தரவுச் சுருக்கம், ஹாஷ் மதிப்பு, ஒருங்குறி, மின்தரவுப் பாதுகாப்பு

முன்னுரை

அச்சு நூலை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் பதிப்பையும் ஆண்டையும் குறிப்பிடுவது மரபு. முதற்பதிப்பில் ஒரு பாடமும் இரண்டாம் பதிப்பில் வேறொரு பாடமும் இருக்கக்கூடும் என்பதால் இம்மரபு உருவாயிற்று. எந்தப் பதிப்பு எடுத்தாளப்பட்டது என்பது தெரிந்தால், ஆய்வாளரின் கூற்றை எவரும் எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

மின்வடிவத் தரவுக்கு இவ்வசதி இயல்பாக அமைவதில்லை. ஓர் ஆய்வாளர் தம் கணினியில் உள்ள உரைத்தொகுப்பில் ஒரு சொல்லின் வருகையை எண்ணிப் பதிவு செய்கிறார் எனக் கொள்வோம். அடுத்த ஆண்டு அத்தொகுப்பில் எழுத்துப்பிழைகள் திருத்தப்படுகின்றன, சில கோப்புகள் சேர்க்கப்படுகின்றன, சில நீக்கப்படுகின்றன. மூன்றாம் ஆண்டில் வேறொருவர் அதே எண்ணிக்கையை மேற்கொள்ளும்போது வேறு விடை கிடைக்கிறது. முதல் ஆய்வாளர் பிழை செய்தாரா, தொகுப்பு மாறியதா என்பதைத் தீர்மானிக்க வழியில்லை. முதல் ஆய்வாளராலேயே தம் முடிவை மெய்ப்பிக்க இயலாமற் போகிறது.

இச்சிக்கலுக்குத் தீர்வு, ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட தரவின் நிலையை ஒரு 'பதிப்பாக' நிறுத்துவதாகும். அதற்கான தொழில்நுட்பங்களுள் ஒன்று, தரவுத்தொகுப்பு முழுவதையும் எழுத இயலாத கோப்பு முறைமையாக மாற்றி ஒரே படிமக் கோப்பில் அடைப்பது. இத்தொழில்நுட்பம் ஆய்வுத் தரவுக்காக உருவானதன்று. இயங்குதளங்களை வழங்குவதற்காக உருவானது. ஆயினும் அதன் இயல்புகள் ஆய்வுத் தேவைக்கும் பொருந்துகின்றன.

1. கோப்பு முறைமையும் படிமமும்

வன்தட்டு, நினைவுக்குச்சி போன்ற சேமிப்புக் கருவிகள் எண்ணிடப்பட்ட கட்டங்களின் நீண்ட வரிசையை மட்டுமே அறியும். கோப்பின் பெயர் என்ன, அது எந்தக் கட்டங்களில் உள்ளது, எந்தக் கோப்புறையைச் சேர்ந்தது என்னும் செய்திகளை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடே கோப்பு முறைமை எனப்படும். கோப்பு முறைமையின் உள்ளடக்கம் முழுவதும் ஒரு சாதாரணக் கோப்பாக எழுதப்படும்போது அது படிமம் எனப் பெயர் பெறுகிறது. லினக்ஸ் கருனியின் 'லூப்' கருவி, அந்தக் கோப்பை ஒரு வட்டினைப் போல இயங்குதளத்திற்குக் காட்டுகிறது.

கோப்புகளைத் தொகுப்பதற்கு 'டார்', 'ஜிப்' போன்ற வடிவங்கள் முன்னரே உள்ளன. அவற்றிலிருந்து படிமம் வேறுபடும் இடம் பயன்பாட்டில் தெளிவாகும். சுருக்கப்பட்ட டார் தொகுப்பின் இறுதியில் உள்ள ஒரு கோப்பைப் பெற, தொடக்கத்திலிருந்து முழுவதையும் விரித்தாக வேண்டும். ஜிப் தொகுப்பில் உட்பொருள் அட்டவணை இருப்பதால் வேண்டிய கோப்பை நேரடியாக எடுக்கலாம். ஆனால் ஆய்வு நிரல்கள் அதைப் படிப்பதற்கு, பெரும்பாலும், முதலில் பிரித்துக் கோப்புறையில் இட வேண்டியுள்ளது. பிரித்த கணத்திலேயே அது மீண்டும் மாற்றத்தக்க தரவாகிவிடுகிறது. படிமத்தையோ பிரிக்க வேண்டியதில்லை. அதனைக் கோப்புறை மரத்தின் ஓரிடத்தில் பொருத்தினால், உள்ளிருக்கும் கோப்புகள் இயல்பான கோப்புகளாகத் தோன்றும். எந்த நிரலும் அவற்றைப் படிக்கலாம். எந்த நிரலும் அவற்றில் எழுத இயலாது.

இங்கு 'எழுத இயலாமை' என்பதற்கும் 'எழுத அனுமதி இன்மை' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கருத வேண்டும். சாதாரணக் கோப்பில் எழுதும் அனுமதியை நீக்கலாம். உரிமையாளர் அதனை மீண்டும் வழங்கிக்கொள்ளலாம். கணினி மேலாளருக்கு அத்தடையே பொருந்தாது. ஸ்குவாஷ்எஃப்எஸ் போன்ற முறைமையில், பொருத்தப்பட்ட கோப்பினை மாற்றுவதற்கான வழிமுறையே கருனியில் எழுதப்படவில்லை. ஆதலால் மேலாளர் உரிமை உடையவரும், பொருத்திய இடத்தின் வழியாக ஓர் எழுத்தையும் மாற்ற முடியாது.

2. ஸ்குவாஷ்எஃப்எஸ்: தோற்றமும் வளர்ச்சியும்

லினக்ஸில் இவ்வகைக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் ஒன்று லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய 'க்ராம்எஃப்எஸ்'. சிறு நினைவகம் கொண்ட கருவிகளுக்காக உருவான அதில் ஒரு கோப்பின் அளவு 16 மெகாபைட்டுக்கு உட்பட்டிருக்க வேண்டும். முறைமையின் மொத்த அளவு ஏறத்தாழ 256 மெகாபைட்டு. தரவு 4 கிலோபைட்டுத் துண்டுகளாகவே சுருக்கப்பட்டது.

இவ்வரம்புகளைக் கடக்கும் வகையில் பிலிப் லௌகர் உருவாக்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸின் முதற்பதிப்பு 2002-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியாயிற்று. பல ஆண்டுகள் கருனிக்குப் புறத்தே ஒட்டுநிரலாக வழங்கிய அது, 2009-ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான 2.6.29 கருனியில் அதிகாரப்பூர்வமாக இடம்பெற்றது. அப்போது அதன் வடிவம் 4.0 ஆகும், இன்றும் அவ்வடிவமே வழக்கில் உள்ளது. முறைமையின் உச்ச அளவு கோட்பாட்டளவில் 2-இன் 64-ஆம் அடுக்கு பைட்டு ஆதலால், நடைமுறையில் அளவு ஒரு தடையன்று.

உபுண்டு உள்ளிட்ட இயங்குதளங்களின் நிறுவாமலே இயக்கும் வட்டுகள், ஓப்பன்-டபிள்யூஆர்டி என்னும் வழிச்செலுத்தி இயங்குதளம், ஸ்னாப் மென்பொருள் பொதிகள், ஆப்இமேஜ் பொதிகளின் இரண்டாம் வகை ஆகியன இம்முறைமையைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை அறியாதவரும் அதனைப் பயன்படுத்தியிருக்க வாய்ப்புண்டு.

3. படிமத்தின் உள்ளமைப்பு

படிமத்தின் தொடக்கத்தில் 96 பைட்டு அளவுள்ள தலைமைத் தொகுதி அமைகிறது. வடிவத்தின் அடையாளம், சுருக்குமுறை, தரவுத்தொகுதியின் அளவு, உருவாக்கப்பட்ட நேரம், ஏனைய அட்டவணைகளின் இருப்பிடம் ஆகியன அதில் பதிவாகின்றன. அதனை அடுத்து, வேண்டுமாயின், சுருக்குநிரலின் அமைப்புகள் இடம்பெறும். பின்னர்த் தரவுத்தொகுதிகளும் துண்டத்தொகுதிகளும், ஐநோடு அட்டவணை, கோப்புறை அட்டவணை, துண்ட அட்டவணை, பயனர் மற்றும் குழு எண்களின் அட்டவணை முதலியனவும் வரிசையாக அமைகின்றன.

ஒவ்வொரு கோப்பும் குறிப்பிட்ட அளவுள்ள தொகுதிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு தொகுதியும் தனித்தனியே சுருக்கப்படுகிறது. கோப்பின் நடுப்பகுதி தேவைப்படும்போது அதற்குரிய தொகுதியை மட்டும் விரித்தால் போதும். சுருக்கியபின் ஒரு தொகுதி சிறிதாகவில்லை என்றால் அது சுருக்கப்படாமலே எழுதப்படும்.

கோப்பின் இறுதியில் எஞ்சும் பகுதியும், ஒரு தொகுதியினும் சிறிய கோப்புகளும் 'துண்டங்கள்' எனப்படும். பல கோப்புகளின் துண்டங்கள் ஒரே தொகுதியில் சேர்த்துச் சுருக்கப்படுகின்றன. இதன் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். திருக்குறளின் 1330 குறள்களும் தனித்தனிக் கோப்புகளாக உள்ளன என்றும், ஒவ்வொன்றும் சராசரியாக 200 பைட்டு என்றும் கொள்வோம். 4096 பைட்டுக் கட்டங்களைக் கையாளும் வழக்கமான கோப்பு முறைமையில் ஒவ்வொரு கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடிக்கும். மொத்தம் 54,47,680 பைட்டு, அதாவது ஐந்து மெகாபைட்டுக்கு மேல். உள்ளடக்கமோ 2,66,000 பைட்டு மட்டுமே. 128 கிலோபைட்டுத் துண்டத்தொகுதி ஒன்றில் இத்தகைய 655 கோப்புகள் அடங்கும் என்பதால், சுருக்குவதற்கு முன்னரே 1330 கோப்புகளும் மூன்று தொகுதிகளில் அடங்கிவிடுகின்றன. ஒத்த சொற்களும் விகுதிகளும் அருகருகே வருவதால் சுருக்கமும் நன்கு அமைகிறது.

ஐநோடுகளும் கோப்புறைப் பட்டியல்களும் 8 கிலோபைட்டு அளவுள்ள மீத்தரவுத் தொகுதிகளாகச் சுருக்கப்படுகின்றன. மேலும், முற்றிலும் ஒத்த உள்ளடக்கமுடைய கோப்புகள் பல இருப்பின் தரவு ஒருமுறை மட்டுமே எழுதப்படும். பெயர்கள் மட்டும் தனித்தனியே நிற்கும்.

4. கட்டளையின் அமைப்பு

படிமத்தை உருவாக்கும் கருவி 'எம்கேஸ்குவாஷ்எஃப்எஸ்' ஆகும். டெபியன், உபுண்டு போன்ற வழங்கல்களில் 'ஸ்குவாஷ்எஃப்எஸ்-டூல்ஸ்' என்னும் பொதியை நிறுவினால் இது கிடைக்கும். கட்டளை நான்கு உறுப்புகளை உடையது: கருவியின் பெயர், மூலக் கோப்புறை (ஒன்றுக்கு மேற்பட்டும் இருக்கலாம்), உருவாக வேண்டிய படிமத்தின் பெயர், அதன்பின் சிறுகோட்டுடன் தொடங்கும் தெரிவுகள். மூலமாக ஒரே ஒரு கோப்புறை தரப்பட்டால் அதன் உள்ளடக்கம் படிமத்தின் வேர்க்கோப்புறையாக அமையும். பல மூலங்கள் தரப்பட்டால் அவை ஒவ்வொன்றும் வேரின் கீழ்த் தனி உறுப்பாக அமையும்.

தெரிவுகளுள் முதலில் அறியவேண்டியது 'நோஅப்பெண்ட்'. குறிப்பிட்ட பெயரில் ஒரு படிமம் முன்னரே இருந்தால், இக்கருவி அதனை இயல்பாக அழித்து எழுதுவதில்லை. அதன் இறுதியில் புதியவற்றைச் சேர்க்கிறது. அதே கோப்புறையைக் கொண்டு கட்டளையை இரண்டாம் முறை இயக்கினால், பெயர் மோதும் உறுப்புகள் '_1' என்னும் பின்னொட்டுடன் மீண்டும் சேர்க்கப்படும். ஒத்த தரவு மறுமுறை எழுதப்படாமையால் படிமத்தின் அளவு பெரிதும் கூடுவதில்லை. எனவே பிழை கண்ணுக்குத் தப்பும். அப்படிமத்தில் சொல்லெண்ணிக்கை மேற்கொள்பவருக்கு ஒவ்வோர் எண்ணும் இரட்டிப்பாகக் கிடைக்கும். பழையதை நீக்கிப் புதிதாகத் தொடங்க 'நோஅப்பெண்ட்' தெரிவைச் சேர்ப்பது பாதுகாப்பானது.

'இ' என்னும் தெரிவு, விலக்க வேண்டிய கோப்புகளைக் குறிக்கிறது. அதற்குப் பின் வருவன யாவும் விலக்கப்பட வேண்டியவையாகவே கொள்ளப்படுவதால், இத்தெரிவு கட்டளையின் கடைசியில் அமைய வேண்டும். பட்டியல் நீளுமாயின், அதனைத் தனிக் கோப்பில் எழுதி 'இஎஃப்' தெரிவால் சுட்டலாம். 'ஆல்-ரூட்' தெரிவு எல்லாக் கோப்புகளின் உரிமையாளரையும் மேலாளராக்குகிறது. உருவாக்கியவரின் கணினியில் மட்டும் பொருளுடைய பயனர் எண்கள் படிமத்தில் பதியாமல் இது தடுக்கிறது. 'ப்ராசெஸர்ஸ்' தெரிவு எத்தனைச் செயலிகளைப் பயன்படுத்துவது என்பதை வரையறுக்கிறது. குறிப்பிடாவிடில் கிடைக்கும் செயலிகள் அனைத்தும் இணையாகச் சுருக்கும் பணியில் ஈடுபடுத்தப்படும்.

5. சுருக்குமுறையும் தொகுதி அளவும்

'காம்ப்' என்னும் தெரிவால் சுருக்குமுறை குறிக்கப்படுகிறது. இயல்பாக அமைவது ஜிஜிப். இதனைத் தவிர எல்இசட்ஓ, எக்ஸ்இசட், எல்இசட்4, இசட்எஸ்டிடி ஆகியன கிடைக்கின்றன. எக்ஸ்இசட் மிகுதியாகச் சுருக்கும். உருவாக்கவும் விரிக்கவும் நேரம் எடுக்கும். எல்இசட்4 மிக விரைவாக விரியும், சுருக்கம் குறைவு. இசட்எஸ்டிடி இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது, 4.14 கருனியிலிருந்து இம்முறைமையில் பயன்படுகிறது. எந்தக் கணினியில் படிமம் பொருத்தப்படுமோ அதன் கருனி அச்சுருக்குமுறையை ஏற்குமாறு அமைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய கணினிகளிலும் திறக்க வேண்டிய படிமத்திற்கு ஜிஜிப் தகுந்தது.

'பி' என்னும் தெரிவு தரவுத்தொகுதியின் அளவைக் குறிக்கிறது. 4 கிலோபைட்டு முதல் 1 மெகாபைட்டு வரை, இரண்டின் அடுக்காக அமையும் அளவுகளுள் ஒன்றைத் தரலாம். இயல்பளவு 128 கிலோபைட்டு. தொகுதி பெரிதானால் சுருக்குநிரலுக்கு ஒப்புமைகளைக் காணும் பரப்பு விரிவதால் படிமம் சிறுக்கும். அதே வேளையில், சில பைட்டுகளைப் படிப்பதற்கும் ஒரு பெரிய தொகுதி முழுவதையும் விரிக்க நேரும். காப்பகத்தில் வைக்கும் படிமத்திற்குப் பெரிய தொகுதியும், அடிக்கடி சிதறலாகப் படிக்கும் படிமத்திற்கு இயல்பளவும் ஏற்றவை.

எல்லாத் தரவும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. ஒருங்குறித் தமிழ் உரையில் ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட்டுகளைப் பெறுகிறது. அவற்றுள் முதல் பைட்டு தமிழ்க் குறியீடுகள் அனைத்திற்கும் ஒன்றே. இரண்டாம் பைட்டுக்கு இரண்டு மதிப்புகளே உண்டு. ஆதலால் தமிழ் உரை மிக நன்றாகச் சுருங்குகிறது. மாறாக, ஜேபெக் வடிவில் எடுக்கப்பட்ட ஓலைச்சுவடி ஒளிப்படங்களும் ஒலிப்பதிவின் எம்பி3 கோப்புகளும் முன்னரே சுருக்கப்பட்டவை. அவற்றின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்கும். அத்தகைய தொகுப்புக்குப் படிமம் தரும் பயன் இடச்சிக்கனம் அன்று; நிலைபேறே ஆகும்.

6. பொருத்துதலும் சரிபார்த்தலும்

உருவான படிமத்தை 'மவுண்ட்' கட்டளையால், வகையை ஸ்குவாஷ்எஃப்எஸ் எனக் குறித்து, 'லூப்' தெரிவுடன் ஒரு வெற்றுக் கோப்புறையில் பொருத்தலாம். இதற்கு மேலாளர் உரிமை தேவை. அவ்வுரிமை இல்லாத பல்கலைக்கழக ஆய்வகக் கணினிகளில், பயனர் நிலையில் இயங்கும் 'ஸ்குவாஷ்ஃபியூஸ்' பயன்படும். பொருத்தாமலே உள்ளடக்கத்தைப் பட்டியலிடவும் பிரிக்கவும் 'அன்ஸ்குவாஷ்எஃப்எஸ்' என்னும் துணைக்கருவி உண்டு. அதன் 'எல்' தெரிவு கோப்புகளைப் பட்டியலிடும். 'எஸ்' தெரிவு தலைமைத் தொகுதியின் விவரங்களைக் காட்டும். விண்டோஸ் இயங்குதளத்தில் '7-ஜிப்' மென்பொருளால் திறந்து காணலாம்.

படிமம் உருவானவுடன் மூலக் கோப்புறையை அழித்துவிடுதல் கூடாது. படிமத்தைப் பொருத்தி, 'டிஃப்' கட்டளையால் மூலத்தோடு முழுமையாக ஒப்பிட்டு, வேறுபாடு இல்லை என உறுதிசெய்த பின்னரே அதனைப் பதிப்பாகக் கொள்ள வேண்டும். பின்னர் 'ஷா-256' முறையில் படிமக் கோப்பின் ஹாஷ் மதிப்பைக் கணக்கிட வேண்டும். 64 பதினறும இலக்கங்களால் ஆன அம்மதிப்பை ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ பதிவு செய்துவிட்டால், பின்னாளில் ஒருவர் கையில் உள்ள படிமம் ஆய்வில் எடுத்தாளப்பட்ட அதே படிமமா என்பதை ஒரு கட்டளையால் அறியலாம். படிமத்தில் ஒரு பிட் மாறினாலும் மதிப்பு முற்றிலும் வேறாகிவிடும்.

7. மீண்டும் அதே படிமத்தை உருவாக்கல்

ஒரே கோப்புறையிலிருந்து இருவேறு நாள்களில் உருவாக்கிய இரு படிமங்கள் பைட்டுக்குப் பைட்டு ஒத்திருக்குமா என்னும் வினா எழுகிறது. இணையாக இயங்கும் செயலிகள் பணியை முடிக்கும் வரிசை ஒவ்வொரு முறையும் மாறக்கூடும். 2019-ஆம் ஆண்டில் வெளியான 4.4 பதிப்பிலிருந்து, இவ்வரிசை வேறுபாடு விளைவைப் பாதிக்காதவாறு கருவி இயல்பாகவே அமைக்கப்பட்டுள்ளது. ஆயினும் தலைமைத் தொகுதியில் உருவாக்க நேரம் பதிவாவதால் ஹாஷ் மதிப்பு மாறும். 'எம்கேஎஃப்எஸ்-டைம்' தெரிவால் அந்நேரத்தையும், 'ஆல்-டைம்' தெரிவால் எல்லாக் கோப்புகளின் நேரத்தையும் குறித்த ஒரு மதிப்பில் நிறுத்தலாம். கருவியின் பதிப்பு, சுருக்குநிரலின் பதிப்பு, தெரிவுகள் ஆகியன ஒன்றாக இருந்தால், இரண்டாம் முறையும் அதே படிமம் கிடைக்கும். எனவே முழுக் கட்டளையையும் பதிப்பு எண்களையும் படிமத்தோடு எழுதி வைப்பது ஆய்வுநெறியின் ஒரு பகுதியாகும்.

8. தமிழ்க் கோப்புப்பெயர்கள்

ஸ்குவாஷ்எஃப்எஸ் கோப்புப்பெயரை எழுத்துகளாகக் கருதுவதில்லை. பைட்டுகளின் வரிசையாகவே கொள்கிறது. இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன.

முதலாவது, நீளம். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மிகக்கூடாது. தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டு என்பதால் உச்சம் 85 குறியீடுகள். 'தொல்காப்பியம்' என்னும் ஏழெழுத்துச் சொல் 13 குறியீடுகளும் 39 பைட்டும் கொண்டது. நூற்பெயர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், ஆண்டு யாவற்றையும் பெயரிலேயே சேர்க்கும் வழக்கம் இவ்வரம்பை எளிதில் தொடும்.

இரண்டாவது, வடிவ வேறுபாடு. ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டாம் முறையில் மேற்கண்ட சொல் 14 குறியீடுகளும் 42 பைட்டும் ஆகிறது. திரையில் இரண்டும் ஒன்றே; கோப்பு முறைமைக்கு அவை இருவேறு பெயர்கள். வெவ்வேறு இயங்குதளங்களில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்புகளைச் சேர்க்கும்போது, ஒரே பெயருடன் இரு கோப்புகள் இருப்பது போன்ற தோற்றம் ஏற்படலாம். நிரல் ஒன்று, கண்முன் இருக்கும் கோப்பை 'இல்லை' எனத் தெரிவிக்கலாம். படிமமாக்கிய பின் பெயரைத் திருத்த இயலாது. ஆகவே பெயர்கள் அனைத்தையும் முன்கூட்டியே ஒரே வடிவத்திற்குக் கொணர்தல் இன்றியமையாதது.

மூன்றாவது, அகரவரிசை. படிமத்தினுள் பெயர்கள் பைட்டு மதிப்பின்படி வரிசைப்படுகின்றன. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன; தமிழ் நெடுங்கணக்கில் அவை இறுதியில் நிற்பவை. பட்டியலின் வரிசையைச் சார்ந்து இயங்கும் நிரல் இருப்பின், பெயரின் முன் '0001' என்பது போன்ற நான்கிலக்க எண்ணை இடுதல் நலம்.

9. வரம்புகள்

இம்முறையின் வரம்புகளை அறியாமல் அதனை நம்புவது தரவிழப்புக்கு வழிவகுக்கும்.

முதலில், படிமத்தினுள் எழுத இயலாது என்பது படிமக் கோப்பையே மாற்ற இயலாது என்று பொருள்படாது. அக்கோப்பை எவரும் நீக்கலாம்; அதே பெயரில் வேறொன்றை வைக்கலாம். மாற்றத்தைத் தடுப்பது படிமத்தின் இயல்பு. மாற்றத்தைக் கண்டறிவது ஹாஷ் மதிப்பின் பணி. ஹாஷ் மதிப்பு படிமம் இருக்கும் அதே கோப்புறையில் மட்டும் இருந்தால், இரண்டையும் ஒருசேர மாற்றிவிட இயலும்.

அடுத்து, சேதத்தின் பரப்பு. சாதாரண உரைக்கோப்பில் ஒரு பைட்டு பழுதானால் ஓர் எழுத்தே கெடும். சுருக்கப்பட்ட தொகுதியில் ஒரு பைட்டு பழுதானால் அத்தொகுதி முழுவதும் விரியாமற் போகலாம். மேற்கண்ட கணக்கின்படி ஒரு துண்டத்தொகுதியின் இழப்பு 655 குறள்களின், அதாவது நூலில் ஏறத்தாழப் பாதியின், இழப்பாகும். மீத்தரவு அட்டவணை பழுதானால் சேதம் இன்னும் பெரிது. பழுதினைச் சீர்செய்யும் ஏற்பாடு எதுவும் இவ்வடிவத்தில் இல்லை. எனவே குறைந்தது இரு படிகளேனும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கருவிகளில் இருத்தல் வேண்டும்.

மேலும், படிமம் நல்லதையும் அல்லதையும் வேறுபாடின்றி நிலைநிறுத்தும். மறைகோப்புகள், தற்காலிகப் படிகள், களப்பணியில் தகவல் தந்தோரின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியல்கள் முதலியன கவனக்குறைவால் உள்ளே சென்றுவிட்டால், வழங்கிய படிமத்திலிருந்து அவற்றை நீக்க வழியில்லை. உருவாக்கும் முன்னர்ப் பட்டியலைப் படித்துப் பார்ப்பது ஆய்வாளரின் பொறுப்பு.

திருத்தம் தேவைப்படும்போது முழுப் படிமத்தையும் புதிதாக உருவாக்க வேண்டியிருப்பது ஒரு குறையாகத் தோன்றலாம். இதற்கு 3.18 கருனியில் இணைந்த 'ஓவர்லேஎஃப்எஸ்' ஓரளவு துணைசெய்கிறது. கீழடுக்காகப் படிமத்தையும் மேலடுக்காக எழுதத்தக்க கோப்புறையையும் கொண்டு அது ஒரே காட்சியைத் தருகிறது. ஒரு கோப்பு திருத்தப்பட்டால் அதன் முழுப்படி மேலடுக்கில் உருவாகும். கீழுள்ள மூலம் மாறாது. மூலபாடம் படிமத்திலும், திருத்தங்கள் மட்டும் தனிக் கோப்புறையிலும் நிற்பதால், எதை எவ்வாறு மாற்றினோம் என்பது எப்போதும் வெளிப்படையாக இருக்கும். பதிப்பியலில் மூலத்தைப் பேணித் திருத்தங்களையும் பாடவேறுபாடுகளையும் தனியே காட்டும் நெறிக்கு இது நெருங்கியது.

முடிவுரை

ஸ்குவாஷ்எஃப்எஸ் படிமம் ஒரு தரவுத்தொகுப்பின் குறித்த நிலையை ஒரே கோப்பில், சுருக்கமாக, பிரிக்காமலே படிக்கத்தக்கதாக நிறுத்துகிறது. அதனை உருவாக்கும் கட்டளை ஒற்றை வரியே ஆயினும், அவ்வரிக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை உள்ளன. முன்னர்ச் செய்ய வேண்டியவை: கோப்புப்பெயர்களின் ஒருங்குறி வடிவத்தை ஒருமைப்படுத்தல், வேண்டாதவற்றை விலக்கல், பழைய படிமத்தோடு சேராதவாறு 'நோஅப்பெண்ட்' தெரிவைச் சேர்த்தல். பின்னர்ச் செய்ய வேண்டியவை: மூலத்தோடு ஒப்பிடல், ஹாஷ் மதிப்பைப் படிமத்திற்குப் புறத்தே பதிவு செய்தல், கட்டளையையும் பதிப்பு எண்களையும் குறித்து வைத்தல், படிகளை வெவ்வேறு இடங்களில் பேணல்.

இவை நிறைவேறுமாயின், மின்தரவை மேற்கோள் காட்டும் ஆய்வாளர் அச்சுநூலை மேற்கோள் காட்டுபவருக்கு நிகரான உறுதியைப் பெறுவார். பிற்காலத்தில் ஒருவர் அவருடைய எண்ணிக்கையோடு மாறுபட்டால், கருத்து வேறுபாடு தரவைப் பற்றியதா, ஆய்வுமுறையைப் பற்றியதா என்பதையேனும் ஐயமின்றித் தீர்மானிக்க இயலும்.